பேய் கட்டிய புடவை என்ன நம்பர்?

கிள்ளான்,
புதன்கிழமை.

மதிப்பும் பாசமும் நிறைந்த அண்ணன் அவர்களுக்கு, தங்கை லோகேஸ்வரி பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் என் வீட்டுக்காரர் சின்னையாவும் உங்கள் மருமகன் ஜீவனும் நலம். காஜாங்கில் நீங்களும் அண்ணி பவுனம்மாளும் முழங்கால் வலி நீங்கலாக நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். 'கன்னையா குடும்பம்' என்று உங்கள் பெயரிலேயே இருக்கிற வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீங்களே வெளியேறிவிட்டீர்கள். என் நம்பரை பிளாக் செய்துவிட்டீர்கள். வீட்டுப் போனில் கூப்பிட்டால், என் குரலைக் கேட்டதும் 'ராங் நம்பர்' என்று கூடப் பிறந்த என்னிடமே சொல்லி வைத்துவிடுகிறீர்கள். தபால்காரரைத்தான் உங்களால் பிளாக் செய்ய முடியாது.

வேறு யாராவது வந்து உங்கள் காதில் போடுவதற்கு முன்னால், வெட்கத்தை விட்டு நானே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் ஜீவனின் படம் ஓடிக்கொண்டிருந்தபோது, ஐம்பது தாண்டிய நான், திரையில் வந்த பேயைப் பார்த்துப் பயந்து, "அம்மா" என்று அலறி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத மனிதரின் தொடையைப் பிடித்துக் கிள்ளிவிட்டேன். அவர் பாவம், சட்டைப்பையிலிருந்து தைல பாட்டிலை எடுத்துத் திறந்தார். எனக்காகவா அவருடைய தொடைக்காகவா என்று இன்றுவரை தெரியவில்லை. பேய்ப் படம் என்றால் பயம் வரத்தானே செய்யும், இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று நீங்கள் பெருந்தன்மையாக நினைக்கலாம். அந்தப் பேய் நான்தான்.

திங்கட்கிழமை காலையில் நீங்கள் சுங்கை வே பேக்டரி கேட்டில் ஜீவனுக்காகக் காத்து நின்றதாகவும், வெயில் ஏறியதும் காவலுக்கு நிற்கிற கார்டுக்காரர் இரக்கப்பட்டு உங்களுக்கு நாற்காலி போட்டதாகவும், அதற்குப் பிறகும் அவன் வரவில்லை என்று வீட்டுக்கு வந்து வானொலியைக்கூடப் போட விடாமல் உட்கார்ந்திருப்பதாகவும் அண்ணி சொன்னார். என்ன நடந்தது என்று தெரியாமல் கோபப்படுவது உடம்புக்கு நல்லதில்லை. தெரிந்துகொண்டு கோபப்படுங்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

காப்பார் கல்யாண வீட்டில், ஆட்டுக்கறி அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று நீங்கள் போட்ட சபதம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அன்றைக்குச் சாப்பிட வந்த அத்தனை பேருக்கும் ஞாபகம் இருக்கிறது. நீங்கள் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆன பேக்டரியில், உங்கள் முகத்துக்காகவே ஜீவனுக்குக் கிடைத்த டெக்னீஷியன் வேலையை, சினிமா எடுக்கப்போகிறேன் என்று அவன் விட்டுவிட்டான். அது உங்கள் காதுக்கு வந்ததும், பரிமாறுகிறவரிடமிருந்து கரண்டியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு சொன்னீர்கள். "ஒரு மண்டபம் நெறைய சனம் வந்து, கடைசி வரைக்கும் எந்திரிக்காம உக்காந்து இவன் படத்தப் பாத்துச்சுன்னா, நான் வாய மூடிக்கிறேன். இல்லன்னா படம் ஓடுன மறு திங்கக்கெழம இவன் பேக்டரி கேட்டுல வந்து நிக்கணும். மேனேஜர்கிட்ட சொல்லி எடத்தப் புடிச்சு வெச்சிருக்கேன்." ஜீவனும் உங்கள் ரத்தம்தானே, உடனே "சரி மாமா" என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகு கறி அவனுக்கு இறங்கவில்லை. உங்களுக்கு இறங்கியது, நான் பார்த்தேன்.

அவன் எடுக்கிற படம் என்ன படம் என்று நீங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பேக்டரி இடத்தை அன்றைக்கே இன்னும் கெட்டியாகப் பிடித்து வைத்திருப்பீர்கள். அது ஒரு மாதிரியான பேய்ப் படம். யாரோ ஒருவர் காணாமல் போய்விடுகிறார். அவருடைய போன் மட்டும் கிடைக்கிறது. அந்தப் போனில் பதிவாகியிருப்பதுதான் முழுப் படமும். ஆகவே காட்சி ஆடினால், பயத்தில் கை நடுங்குகிறது என்று அர்த்தம். ஒன்றுமே தெரியாமல் இருட்டாக இருந்தால் அது மர்மம். பேசுவதும் சரியாகக் கேட்கவில்லை என்றால் இன்னும் பெரிய மர்மம். நல்ல கேமரா வாங்க வழியில்லாத பிள்ளைகளுக்காக ஆண்டவனே பார்த்து இறக்கிவிட்ட கலை இது என்று எனக்குப் பட்டது.

கதையைக் கேளுங்கள். ஒரு சின்னப் பெண் பேஸ்புக் லைவில் புடவை விற்கிறாள். பார்ப்பவர்கள் நாலே பேர், அதில் ஒருத்தி அவளுடைய அம்மா. எப்படியாவது பெயர் வாங்கவேண்டும், ஊரே தன்னைப் பார்க்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஒரு நாள் அவளுக்குப் பின்னால், இருட்டில், ஒரு உருவம் நிற்கிறது. அவள் கவனிக்கவில்லை. ஆனால் பார்க்கிறவர்கள் எண்ணிக்கை ஏறுகிறது. எண்ணிக்கை ஏற ஏற அந்த உருவம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வருகிறது. லைவை நிறுத்தினால் அவள் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருக்கும்போது எந்தப் பெண் லைவை நிறுத்துவாள்? "இந்தக் கதை ஒனக்கு எங்கேருந்துடா கெடச்சுச்சு?" என்று கேட்டேன். என்னையே பார்த்தான். நானும் கிள்ளான் கடை மாடியில் உட்கார்ந்து வருடக்கணக்காக லைவில் புடவை விற்கிறவள்தானே. ஒவ்வொரு புடவையிலும் ஒரு நம்பர் குத்தி, விரித்துக் காட்டி, "நம்பரப் போட்டு கன்ஃபர்ம் பண்ணுங்க சிஸ்" என்று தொண்டை கிழியக் கத்துகிறவள். பார்க்கிறவர்கள் குறைந்துபோனால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. பிள்ளை பக்கத்து அறையில் இருந்துகொண்டு இத்தனை நாளாக என்ன பார்த்துக்கொண்டிருந்தான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. அப்புறம், பேயாக என்னை எழுதாமல் விட்டானே என்று தேற்றிக்கொண்டேன்.

அதுவும் நிலைக்கவில்லை. புடவை விற்கிற பெண்ணாக நடிக்க ரிஸ்வானா வந்தாள். அதே பேக்டரியில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிற, நல்ல, அடக்கமான பெண். சனி ஞாயிறு மட்டும்தான் நடிப்பாள். பேயாக நடிக்கப் பூச்சோங்கிலிருந்து ஒரு பெண் வருவதாக இருந்தது. டிக்டாக்கில் பெரிய பெயராம். வந்தாள், நான் கொடுத்த மைலோவைக் குடித்தாள், முகத்தில் முடியை விரித்துப் போட்டுக்கொண்டு நிற்கவேண்டும் என்று கேட்டதும் கையை உதறிவிட்டாள். "ஃபேஸ் தெரியாதா? அப்ப என் ஃபாலோவர்ஸுக்கு நான்தான்னு எப்படிலா தெரியும்?" என்று கேட்டுவிட்டுக் கிராப் டாக்சி பிடித்துப் போய்விட்டாள். ஜீவன் தலையில் கையை வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். நான் அப்போதுதான் குளித்து, முடியைக் காயவைத்துக்கொண்டு, கையில் துடைப்பத்தோடு மாடி ஏறி வந்தேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. "அம்மா, அப்படியே நில்லுங்க." மேக்கப் ஏதாவது போடவேண்டாமாடா என்று கேட்டதற்கு, "வேணாம்மா, இதுவே போதும்" என்றான். உங்கள் மச்சான் சின்னையா கீழேயிருந்து குரல் கொடுத்தார். "தெனம் பாக்கிறவன் எனக்குப் பழகிப்போச்சு. புதுசாப் பாக்கிறவங்கதான் பாவம்."

ராத்திரியில் எடுத்தால் எதிர்க்கடைக்காரர் கராவோக்கே பாடுவார், எந்தப் பேயும் அதற்கு முன்னால் நிற்காது. ஆகவே மத்தியானத்தில், ஜன்னலெல்லாம் கறுப்புக் குப்பைப் பையை ஒட்டி, மாடியை இருட்டாக்கினார்கள். உள்ளே இட்லிப் பானை மாதிரி ஒரு சூடு. நான் வெண்மை நிறத்தில் மெரூன் பார்டர் போட்ட புடவையைக் கட்டிக்கொண்டேன். நம்பர் பத்தொன்பது. இரண்டு தீபாவளியாக யாரும் சீண்டாமல் மூட்டையாகக் கிடந்த சரக்கு, வேர்வை பட்டால் பரவாயில்லை என்று அதை எடுத்தேன். வீட்டிலேயே நல்ல போன் என்னுடையதுதான் என்பதால் அதைத்தான் ஸ்டாண்டில் மாட்டினார்கள். ஜீவன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு மேசைக்கு அடியில் ஒளிந்துகொண்டான். "அம்மா, ரெக்கார்ட் பட்டனை அமுக்கிட்டு ரிஸ்வானா பின்னாடி போய் நின்னுக்குங்க. நான் இருமுனதும் மெதுவா முன்னாடி வாங்க. பேசக் கூடாது." எல்லாம் சரிதான். ஆனால் அந்த ஸ்டாண்டில் போன் ஏறியதும் என் கட்டைவிரல் என்னைக் கேட்காமலே செய்கிற வேலை ஒன்று இருக்கிறது அண்ணே. இத்தனை வருடப் பழக்கம். அது போய் லைவை அமுக்கிவிட்டது. எனக்கே தெரியாது.

நான் பின்னால் போய் நின்றேன். ரிஸ்வானா வசனம் பேசினாள். ஜீவன் இருமினான். நான் தலையைச் சாய்த்து, முடி முகத்தில் விழ, காலை இழுத்து இழுத்து வந்தேன். அந்த இழுப்பு நடிப்பில்லை, நமக்குப் பரம்பரையாக வருகிற முழங்கால்தான். கிட்டே வந்து போனைப் பார்த்து முகத்தை நீட்டவேண்டும் என்பது ஏற்பாடு. நீட்டினால், திரையில் மளமளவென்று எழுத்து ஓடுகிறது. 'சிஸ், பின்னால நிக்கிற ஆன்டி கட்டியிருக்கிறது என்ன நம்பர்?' 'முந்தானையக் காட்டுங்க சிஸ்.' 'ஆன்டி ஏன் முடி கட்டல, உடம்பு சரியில்லையா?' 'லைட்டப் போடுங்க, கலர் தெரியல.' அண்ணே, நானும் மனுஷிதான். கஸ்டமர் கேட்டுப் பதில் சொல்லாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை. பேய் என்பதும் மறந்துபோகவில்லை, அதனால் குரலைக் கனமாக்கிக்கொண்டு, முந்தானையை இரண்டு கையாலும் விரித்து, போனுக்கு நேராக நீட்டி, "பத்தொம்பது... சாஃப்ட் சில்க் சிஸ்... பிளவுஸ் பீஸ் கூட வருது... தொவச்சா சாயம் போகாது..." என்று இழுத்துச் சொன்னேன். பேய் பேசாது என்று நம்பி உட்கார்ந்திருந்த ரிஸ்வானா, காதுக்குப் பக்கத்தில் அந்தக் குரலைக் கேட்டதும் ஸ்டூலோடு பின்பக்கமாகச் சாய்ந்து, அவளுடைய பரம்பரையில் யாரும் கத்தியிருக்காத கத்தல் ஒன்றைக் கத்தினாள். சரியாக அந்த நேரத்தில் கீழே ரோட்டில் பழைய பேப்பர் எடுக்கிற லோரி, ஒலிபெருக்கியில் "சூராட் காபார் லாமா" என்று இழுத்துக்கொண்டே போனது. நான் நிறுத்தவில்லை. "கன்ஃபர்ம் பண்ணுங்க சிஸ், லிமிட்டட் பீஸ்" என்று முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

போன் அடிக்க ஆரம்பித்தது. முதல் ஆள் பந்திங்கிலிருந்து வள்ளியம்மாள், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர், என்னுடைய பழைய கஸ்டமர். "லோகா, பதறாத. ரெண்டு கையையும் மேல தூக்கு. சிரிச்சுக் காட்டு. வாய் ஒரு பக்கமாப் போச்சு, நான் பாத்தேன், இது ஸ்ட்ரோக்." இல்லைக்கா, நான் பேய் என்று சொன்னேன். அது அவருடைய சந்தேகத்தை இன்னும் உறுதியாக்கியது. "பேச்சும் கொழறுது. வீட்டுக்காரர்கிட்ட போனக் குடு" என்றார். உங்கள் மச்சான் வாங்கி, "இல்லக்கா, அவ எப்பவும் இப்படித்தான்" என்று சொன்ன பிறகுதான் சமாதானமானார். வைப்பதற்கு முன்னால், "அந்தப் பத்தொம்பதுல எனக்கு ரெண்டு எடுத்து வை" என்றார்.

ஜீவன் மேசைக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தான். திட்டப்போகிறான் என்று துடைப்பத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அவன் திட்டவில்லை. பதிவானதைப் போட்டுப் பார்த்தான். திருப்பிப் போட்டான். ரிஸ்வானாவைக் கூப்பிட்டுக் காட்டினான், அவள் பார்க்கமாட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு ரொம்ப மெதுவாகச் சொன்னான். "அம்மா, செத்ததுக்கு அப்புறமும் லைவை நிறுத்த முடியாத ஒருத்தி. யாராச்சும் பாத்துக்கிட்டு இருந்தா விட்டுட்டுப் போக முடியாது அவளால. இதுதாம்மா படம். நான்தான் தப்பா எழுதிட்டேன்." உட்கார்ந்து முழுக்கதையையும் மாற்றினான். நான் வடித்த சோறு ஆறிப்போனது. அவன் எழுதுகிறபோது அவனுடைய முகத்தைப் பார்த்தேன் அண்ணே. பேக்டரிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாளும் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. இதை உங்களைக் குத்துவதற்காக எழுதவில்லை. கொஞ்சம் குத்தினால் குத்தட்டும்.

இதற்கிடையில் அந்த லைவை யாரோ வெட்டி எடுத்துப் போட, அது ஊரெல்லாம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. நிஜப் பேய் என்று ஒரு கூட்டம், இல்லை விளம்பரம் என்று ஒரு கூட்டம், இரண்டும் இல்லை எங்க சித்தி மாதிரி இருக்கு என்று ஒருத்தர். பாசார் சந்தையில் மீன்காரர் என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே போட்டுவிட்டு, "பேய் ஆன்டி, முடிய அவுத்து விடுங்க, ஒரு செல்ஃபி" என்றார். நானும் அவிழ்த்துவிட்டேன். பக்கத்தில் ஒருத்தி தூக்கி வைத்திருந்த குழந்தை வீறிட்டு அழுதது, அதோடு நானும் சேர்ந்து ஒரு படம். இந்த வயதில், இந்த முகத்துக்கு, இவ்வளவு மரியாதை வரும் என்று என் கல்யாணத்தன்றுகூட நான் நினைத்ததில்லை. சரக்கு அனுப்புகிற சாதிக்கைக் கூப்பிட்டு, பத்தொன்பதில் இன்னும் வேண்டும் என்றேன். அவருக்கு நம்ப முடியவில்லை. "அக்கா, அந்தப் பொடவையா? திருப்பி அனுப்பத்தான் கேக்குறீங்கன்னு நெனச்சேன்." கம்பத்துக் கிராமங்களில் கடைசி வீடு வரைக்கும் பேய்ப் புடவை, பேய்ப் புடவை என்றே கேட்டு ஆர்டர் வந்தது. எழுதி மாளவில்லை.

ஆனால் சும்மா பார்க்கிறவர்கள் வேறு, எழுந்து வருகிறவர்கள் வேறு. பிரிக்பீல்ட்ஸில் பேய்ப் பட ரசிகர்கள் சங்கம் ஒன்று வைத்திருக்கிற குரு என்கிற பையன்தான் சின்ன மண்டபத்தை எடுத்துக் கொடுத்தான். குதிரைவால் கட்டிய, எப்போதும் கறுப்புச் சட்டை போடுகிற பையன். சும்மா பெயரைப் பதிவு செய்தால் போதும், இலவசம். படம் போடுவதற்கு முந்தின வியாழக்கிழமை அவன் அனுப்பிய பட்டியலில் பதினொரு பெயர் இருந்தது. அதில் ஜீவனின் பெயர் மூன்று தடவை வந்திருந்தது. லட்சம் பேர் பார்த்த பேயைப் பார்க்க எட்டுப் பேர்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் எழுந்து வந்தபோது ஜீவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். பேக்டரிச் சட்டை. நீல நிறம், பையில் கம்பெனி பெயர் போட்டது. காலரைத் திருப்பித் திருப்பித் தேய்த்தான். "மாமாகிட்ட வாக்குக் குடுத்துட்டேன்லம்மா" என்றான். அவனுக்குக் கோப்பி கலந்து கொடுத்துவிட்டு, மாடிக்குப் போய், போனை ஸ்டாண்டில் மாட்டி, முடியை அவிழ்த்துவிட்டு, என் கஸ்டமர்களிடம் இரண்டு வார்த்தை பேசினேன்.

இனிமேல் எழுதுவதை நீங்கள் உட்கார்ந்துகொண்டு படிக்கவேண்டும். சனிக்கிழமை படம் தொடங்குவதற்கு வெகு நேரம் முன்னாலேயே மண்டபத்து வாசலில் கூட்டம். பந்திங்கிலிருந்து வள்ளியம்மாள் வேன் பிடித்துத் தெருவையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். காப்பாரிலிருந்து வந்தார்கள், ரவாங்கிலிருந்து வந்தார்கள், உங்கள் சபதத்தை நேரில் கேட்ட கல்யாண வீட்டுக்காரர்களும் வந்தார்கள். பிள்ளை குட்டியோடு, மாமியாரோடு, ஒருத்தர் கைத்தடியோடு. நாற்காலி போதாமல் பக்கத்து சைவச் சாப்பாட்டுக் கடையில் கேட்டு வாங்கிப் போட்டோம். அதுவும் போதாமல் சுவரோரமாக நின்றார்கள். குரு என்னிடம் வந்து, குதிரைவாலைத் தடவிக்கொண்டே, "ஆன்டி, எங்க ஷோவுக்கெல்லாம் வர்றது பத்துப் பசங்க, எல்லாம் கறுப்பு டீ-சர்ட்டு. இது என்ன ஆன்டி, கும்பாபிஷேகத்துக்கு வந்த மாதிரி வந்திருக்காங்க?" என்றான். "நல்ல படம்னா வருவாங்க தம்பி" என்றேன். உங்கள் மச்சான்தான் பாவம், படம் பார்க்கவில்லை, வேனோடு பின்வாசலிலேயே நிற்கவேண்டியதாகிவிட்டது. பிரிக்பீல்ட்ஸில் பார்க்கிங் நிலைமை உங்களுக்குத் தெரியாததா.

படம் ஓடியது. ஒரு ஆள் எழுந்திருக்கவில்லை. கழிவறைக்குக்கூட யாரும் போகவில்லை. போகலாமா என்று எழுந்த ஒரு பாட்டியை அவருடைய மருமகள் கையைப் பிடித்து உட்காரவைத்ததை நான் கண்ணால் பார்த்தேன். பேப்பர் லோரியின் சத்தம் வந்ததும் பாதி மண்டபம் அலறியது, ஏனென்று யாருக்கும் தெரியாது, அத்தனை வருடமாக எல்லாருடைய வீட்டு வாசலிலும் போகிற லோரி. பேய் முந்தானையை விரித்ததும் மீதிப் பாதியும் அலறியது. என்னுடைய அலறலும் தொடைக் கிள்ளலும் அங்கேதான். சொல்லப்போனால் அந்த இருட்டில், அவ்வளவு பெரிய திரையில், யாரும் கேட்காமலேயே விற்றுக்கொண்டிருக்கிற அந்தப் பொம்பளையைப் பார்த்தபோது எனக்கு வந்தது பயம் மட்டும் இல்லை. அதை விடுங்கள். கடைசியில் பெயர்கள் ஓடும்போதுகூட ஒருவரும் அசையவில்லை. விளக்குப் போட்டார்கள். போட்ட அந்தக் கணமே மொத்த மண்டபமும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றது அண்ணே. நான் கதை அளக்கிறேன் என்று நினைத்தால் அண்ணியையே கேளுங்கள். முதலில் எழுந்து நின்றவர் அண்ணிதான். ஆமாம், செந்தூல் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு வந்தது இங்கேதான். கோபித்துக்கொள்ளாதீர்கள், மருமகன் மேல் பாசம்.

குரு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான். "எழுந்து நிக்கிறாங்க பாருங்க ஆன்டி. என் வாழ்க்கையில பாத்ததில்ல." அடுத்த மாதம் பினாங்கில் இதைப் போல இரண்டு மடங்கு பெரிய மண்டபத்தில் படத்தைப் போடப்போவதாக மைக்கிலேயே சொல்லிவிட்டான். ஜீவனைப் பேசக் கூப்பிட்டார்கள். அவன் மைக்கைப் பிடித்தான். கண்ணில் தண்ணீர். கூட்டத்தை ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரம் வரை பார்த்துவிட்டு, அவன் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "மாமா வந்திருக்காரா?" என்று கேட்டான். வரவில்லை என்று அண்ணி தலையை ஆட்டினார். திங்கட்கிழமை நீங்கள் பேக்டரி கேட்டில் நின்றபோது அவன் தூங்கிக்கொண்டிருந்தான். நீலச் சட்டையை மடித்து அவனே பீரோவில் கீழ்த்தட்டில் வைத்துவிட்டான்.

ஆகவே அண்ணன் அவர்கள், ஆட்டுக்கறி அண்டாவைச் சாட்சியாக வைத்துத் தாங்கள் அளித்த வாக்கின்படி, இந்த விஷயத்தில் தங்கள் திருவாயை மூடிக்கொள்ளுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். மண்டபம் நிறைந்தது, கடைசி வரைக்கும் யாரும் எழுந்திருக்கவில்லை, இரண்டு நிபந்தனையும் எழுத்துப் பிசகாமல் நிறைவேறிவிட்டன. மேனேஜரிடம் சொல்லி அந்த இடத்தை வேறு ஏதாவது பிள்ளைக்குக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். குழுவில் திரும்பச் சேருங்கள். நீங்கள் இல்லாமல் காலை வணக்கப் படம் அனுப்ப ஆளில்லாமல் குழு வெறிச்சென்று இருக்கிறது. தீபாவளிக்கு எல்லாரும் கிள்ளானுக்கு வாருங்கள், நீங்கள் வாயை மூடிக்கொண்டிருக்கிற அழகைப் பார்த்துக்கொண்டே ஆட்டுக்கறி சாப்பிடலாம். உங்கள் முழங்காலும் என் முழங்காலும் நீண்ட நாள் நல்லபடியாக நடக்க முருகன் துணை செய்யட்டும். அண்ணிக்கு என் அன்பு. உங்கள் மச்சான் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். ஜீவன் உங்கள் காலைத் தொட்டு வணங்குகிறான், அவனுக்குத் தெரியாமல் நான் எழுதுகிறேன்.

தங்கள் ஆசியை வேண்டும் தங்கை,
லோகேஸ்வரி
(பாசாரில் பேய் ஆன்டி என்றாலே தெரியும்)

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டிவிட்டுத் திரும்பப் பிரித்து இதை எழுதுகிறேன். மேனேஜரிடம் இன்னும் சொல்லவில்லை என்றால் கொஞ்ச நாளைக்குச் சொல்லாமல் இருங்கள் அண்ணே. அந்த இடம் இருக்கட்டும். பினாங்கில் எனக்குக் கஸ்டமர் யாரும் கிடையாது. வெள்ளிக்கிழமை லைவில் நான் பேசிய இரண்டு வார்த்தை இதுதான்: பத்தொன்பதாம் நம்பர் ஆர்டர் செய்தவர்களுக்குத் தபாலில் அனுப்புவதாக இல்லை, சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்துக்கு நேரில் வந்து, படம் முடிந்த பிறகு, பின்வாசலில் வேனில் வாங்கிக்கொள்ளவேண்டும், நடுவில் எழுந்து வருகிறவர்களுக்குப் பிளவுஸ் பீஸ் கிடையாது. ஜீவனுக்கு இது தெரியாது. அண்ணிக்குத் தெரியும். வரிசையில் முதல் ஆள் அவர்தான், மூன்று எடுத்தார்.